மாமாவிடம் பொலிஸ் செக் கேட்ட கதை

2025 ஜூலை முதலாம் திகதி மெல்பேணில் இருக்கிற தங்கச்சி போன் எடுத்தாள். "அக்கா, நியூஸ் பார்த்தியோ?" என்றாள். குரல் சரியில்லை. பொயின்ற் குக்கில் வேலை செய்த ஒரு சைல்ட்கெயார் ஊழியர் மீது எழுபதுக்கும் மேற்பட்ட குற்றச்சாட்டுகள் என்று விக்டோரியா பொலிஸ் அன்றுதான் அறிவித்திருந்தது. அவர் வேலை செய்த சென்டர்களின் பட்டியல் இணையத்தில் வந்தது. சுமார் 1200 பிள்ளைகளை மருத்துவப் பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொல்லிப் பெற்றோருக்கு அறிவித்தார்கள். தங்கச்சியின் மகன் போகிற சென்டர் பட்டியலில் இல்லை. இருந்தும் மூன்று தரம் வாசித்தாளாம். நான்காவது தரம் வாசிக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

அடுத்த நாள் அவள் கேட்ட கேள்விதான் என்னை இந்தக் கட்டுரை வரைக்கும் கொண்டுவந்தது. "அந்த ஆளிட்டையும் வேர்க்கிங் வித் சில்ட்ரன் செக் இருந்ததாம் அக்கா. பிறகென்னத்துக்கு அந்தச் செக்?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. சிட்னியில் எங்கட சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் அந்தச் செக்குகளைச் சரிபார்க்கிற வேலை அந்த வருஷம் என் தலையில்தான் இருந்தது. பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு கோப்பி குடிக்கப் போகிற அம்மாக்களில் ஒருத்தியாக இருந்தவளை, "உமக்கு எக்ஸெல் தெரியும்தானே" என்று பிடித்து உட்கார வைத்திருந்தார்கள்.

எக்ஸெல்லைத் திறந்து பார்த்தேன். ஆசிரியர்கள் எல்லோருக்கும் நம்பர் இருந்தது. இரண்டு பேருடையது காலாவதி. சரி, புதுப்பித்தால் போச்சு. ஆனால் படலை திறக்கிறவர், தேத்தண்ணி போடுகிறவர்கள், விளையாட்டுப் போட்டிக்கு வந்து கயிறு பிடிக்கிறவர்கள், நாடகத்துக்கு மேக்கப் போடுகிற அன்ரிமார், இவர்கள் ஒருவருமே பட்டியலில் இல்லை. கேட்டால் "அவையள் எங்கட ஆக்கள்தானே" என்றார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நியூ சவுத் வேல்ஸில் இந்தச் செக்கை நடத்துவது சில்ட்ரன்ஸ் கார்டியன் அலுவலகம். இப்போதைய முறை 2013 ஜூனில் தொடங்கியது. பதினெட்டு வயதுக்கு மேல் பிள்ளைகளோடு வேலை செய்கிறவர்கள் எடுக்க வேண்டும், ஐந்து வருஷத்துக்குச் செல்லும். சம்பளத்துக்கு வேலை செய்தால் காசு கட்ட வேண்டும், தொண்டர்களுக்கு இலவசம். நம்பரின் கடைசி எழுத்தைப் பார்த்தாலே தெரியும்: 'ஈ' என்றால் ஊதியம், 'வி' என்றால் தொண்டர். விக்டோரியாவில் 2006இலிருந்து இருக்கிறது, அங்கேயும் ஐந்து வருஷம், தொண்டர்களுக்கு இலவசம். ரியூசன் மாஸ்ரர், பரதநாட்டிய ரீச்சர், மிருதங்க வாத்தியார் எல்லோரும் இதற்குள் வருவார்கள். தன் சொந்தப் பிள்ளை படிக்கிற இடத்தில் உதவி செய்கிற பெற்றோருக்குப் பொதுவாக விலக்கு உண்டு. இரவு தங்குகிற முகாம் என்றால் நியூ சவுத் வேல்ஸில் அந்த விலக்கும் இல்லை.

இதில் பலர் குழம்புகிற இடம் ஒன்று. பொலிஸ் செக் வேறு, இது வேறு. பொலிஸ் செக் ஒரு போட்டோ மாதிரி. எடுத்த நாளன்று உங்கள் பெயரில் என்ன இருந்ததோ அதைக் காட்டும், அடுத்த நாள் நடப்பதைக் காட்டாது. வேர்க்கிங் வித் சில்ட்ரன் செக்கோ எடுத்த பிறகும் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாக ஒரு குற்றச்சாட்டு விழுந்தால் அது அலுவலகத்துக்குப் போகும். தண்டனை கிடைக்காத குற்றச்சாட்டுகள், வேலையிடத்தில் தவறாக நடந்தார் என்ற முடிவுகள் போன்றவற்றையும் பார்ப்பார்கள்.

படலை திறக்கிறவர் எங்கட மாமா. சொந்த மாமா இல்லை, எல்லாருக்கும் மாமா. அவருடைய பிள்ளைகள் படித்து முடித்துப் பேரப்பிள்ளைகளும் கண்டுவிட்டார். இன்னும் சனிக்கிழமை காலை எட்டரைக்கெல்லாம் திறப்புக் கொத்தோடு வந்து நிற்பார். நான் ஐந்து வயதில் அழுதுகொண்டு நின்றபோது பொக்கற்றிலிருந்து ரொபி எடுத்துத் தந்த மனிசன். அவரிடம்தான் முதலில் கேட்டேன், அவர் சம்மதித்தால் மற்றவர்கள் சம்மதிப்பார்கள் என்ற கணக்கில்.

"என்ன பிள்ளை, என்னில சந்தேகமோ?"

"இல்லை மாமா. எல்லாருக்கும் ஒரே சட்டம். நானும் எடுத்திருக்கிறன்."

"நீ எடுப்பாய். நீ இஞ்ச வளந்த பிள்ளை." திறப்புக் கொத்தை மேசையில் வைத்தார். "கொழும்பில லொட்ஜில இருக்கேக்க பொலிஸில பதிஞ்சு, ரிப்போட்டைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு திரிஞ்சனான். அதுக்குப் பிறகு இனி ஒருத்தரிட்டையும் பதிய மாட்டன் எண்டுதான் இந்த நாட்டுக்கு வந்தனான்."

அடுத்த சனி அவர் வரவில்லை. படலையை நான் திறந்தேன்.

கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. ஒரு ஃபோர்ம்தானே, பதினைந்து நிமிஷ வேலை, இதற்கு ஏன் இவ்வளவு மானப் பிரச்சினை என்று வீட்டில் வந்து புறுபுறுத்தேன். என் கணவர் மதுரைக்காரர், உசிலம்பட்டிப் பக்கம். அவர் சிரிக்கவில்லை. "எங்க ஊர்ல ரேகைச் சட்டம்னு சொல்லுவாங்க, தெரியுமா?" என்று கேட்டார்.

தெரியாது. குற்றப்பரம்பரைச் சட்டத்துக்கு ஊர்ச்சனம் வைத்த பெயராம் அது. ஒரு சாதியில் பிறந்ததாலேயே ஒருவனைக் குற்றவாளி என்று எழுதி, பத்து விரலையும் பதிந்து, இரவில் பொலிஸ் நிலையத்தில் வந்து படு என்று சொன்ன சட்டம். வெள்ளைக்காரன் 1871இல் வடக்கே கொண்டுவந்தது, 1911இல் மதராஸ் மாகாணத்துக்கும் வந்தது. 1920 ஏப்ரல் 3ஆம் திகதி உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மாட்டோம் என்று ஊர் திரண்டது. பொலிஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் செத்தார்கள். அங்கே நினைவுத்தூண் இருக்கிறது, ஒவ்வொரு ஏப்ரலிலும் போய் மாலை போடுவார்கள் என்றார். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது 1947இல்தான்.

அதற்குப் பிறகு நான் தேட ஆரம்பித்தேன். விரலடையாளத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கிற வேலைக்கென்று உலகத்திலேயே முதலில் ஓர் அலுவலகம் திறந்தது லண்டனில் இல்லை, கல்கத்தாவில், 1897இல். ஆறு வருஷம் கழித்து, 1903இல், சிட்னிப் பொலிஸும் தொடங்கிவிட்டது. 1907இல் தென்னாபிரிக்காவின் டிரான்ஸ்வாலில் ஆசியர்கள் எல்லோரும் விரல் பதிந்து அட்டை எடுக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோதுதான் காந்தியின் முதல் சத்தியாக்கிரகம். அதில் சிறைக்குப் போனவர்களில் தமிழர் ஏராளம். 1908 ஓகஸ்டில் ஜோகன்னஸ்பேர்க்கில் அந்த அட்டைகளைக் குவித்து எரித்தார்கள். சில வருஷம் கழித்து அதே போராட்டத்தின் இன்னொரு கட்டத்தில் சிறைக்குப் போய், வந்ததும் செத்துப்போன தில்லையாடி வள்ளியம்மைக்குப் பதினாறு வயது. அவர் தில்லையாடியில் பிறக்கவில்லை, ஜோகன்னஸ்பேர்க்கில் பிறந்தவர். எங்களைப் போல இரண்டாம் தலைமுறை.

மாமாவின் கதைக்கும் ஒரு திகதி இருக்கிறது. 2007 ஜூன் 7. கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த 376 தமிழரை விடியற்காலையில் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. மாமா அதற்கு எவ்வளவோ முன்னரே இங்கே வந்துவிட்டார். ஆனால் அவர் தங்கியதும் அந்த மாதிரி லொட்ஜுகளில்தான், பதிந்ததும் அந்த மாதிரிப் பொலிஸில்தான்.

இந்த நாட்டிலும் எங்களுக்குச் சுத்தமான கணக்கு இல்லை. 2010ஐ ஒட்டிய வருஷங்களில், அகதிகள் என்று அவுஸ்திரேலியாவே ஏற்றுக்கொண்ட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை, பெரும்பாலும் ஈழத்தமிழரை, ஏசியோவின் பாதுகாப்பு மதிப்பீட்டில் தேறவில்லை என்று தடுப்பில் வைத்திருந்தார்கள். என்ன காரணம் என்று அவர்களுக்கே சொல்லவில்லை. 2012 ஒக்டோபரில் ஒரு தமிழரின் வழக்கில் ஹைகோர்ட் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்த வருஷக் கடைசியில் முன்னாள் நீதிபதி மார்கரட் ஸ்டோனை அந்த மதிப்பீடுகளைத் திரும்பப் பார்க்க நியமித்தார்கள். அதன் பிறகு பலருடைய முடிவு மாறியது. அப்படியென்றால் முதலில் எழுதியது என்ன?

அண்ணாவின் மகனுக்கு யூனி. வார இறுதியில் கிரிக்கெற் மைதானத்தில் செக்யூரிற்றி வேலை பார்க்கலாம் என்று லைசென்ஸுக்குப் போட்டிருந்தான். நியூ சவுத் வேல்ஸில் செக்யூரிற்றி லைசென்ஸுக்கு விரலடையாளம் கொடுத்தே ஆக வேண்டும், விக்டோரியாவிலும் அப்படித்தான். "மை ஒண்டும் இல்லை அத்தை, கண்ணாடியில வைச்சா சரி" என்று அவன் விரலைக் காட்டிச் சிரித்தான். அம்மா, அதாவது அவனுடைய அப்பம்மா, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். அவருக்கு அது கண்ணாடி இல்லை. விமான நிலையத்தில் பாதுகாப்புப் பகுதிக்குள் வேலை என்றால் விரல் கேட்கமாட்டார்கள், ஆனால் சிவப்பு அட்டைக்கு ஏசியோ மதிப்பீடு வேண்டும், இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம். எங்கட பிள்ளைகள் இந்த வேலைகளுக்கெல்லாம் போகிறார்கள். அவர்களுக்கு அது ஒரு ஃபோர்ம் மட்டும்தான். எனக்கும் ஜூலை வரைக்கும் அப்படித்தான் இருந்தது.

ஆனால் இதையெல்லாம் வாசித்த பிறகும் மாமாவிடம் கேட்டது பிழை என்று எனக்குத் தோன்றவில்லை. பெருங்காமநல்லூரில் சாதியைப் பார்த்து ரேகை கேட்டார்கள், கொழும்பில் இனத்தைப் பார்த்துப் பதியச் சொன்னார்கள். இங்கே பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நிற்கிற எல்லோரிடமும் கேட்கிறார்கள், பிரின்சிபல் உட்பட. இந்த விதிகளைக் கேட்டவர்களும் பெரும்பாலும் சின்ன வயதில் ஏமாற்றப்பட்டவர்கள்தான். 2013இல் தொடங்கிய ரோயல் கமிஷனிடம் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் தனியறையில் வந்து தங்கள் கதையைச் சொன்னார்கள். தேவாலயம், பாடசாலை, விளையாட்டுக் கழகம், அனாதை இல்லம் என்று எல்லா இடமும் அதில் வந்தது. "அவர் நல்லவர், எங்களுக்கு நல்லாத் தெரியும்" என்ற வார்த்தைதான் அந்த இடங்களிலெல்லாம் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. எங்கட "எங்கட ஆக்கள்தானே" அதற்கு என்ன வித்தியாசம்?

தங்கச்சியின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். செக் ஏற்கெனவே யாரோ முறைப்பாடு செய்து, யாரோ எழுதி வைத்ததைத்தான் காட்டும். எழுதப்படாததைக் காட்டாது. அதிலும் ஓட்டைகள் இருந்தன. ஒரு மாநிலத்தில் தடை செய்யப்பட்டவர் இன்னொரு மாநிலத்தில் போய் விண்ணப்பிக்கலாம் என்ற நிலை. நாடு முழுவதற்கும் ஒரே தரம் வேண்டும் என்று ரோயல் கமிஷன் 2015 ஓகஸ்டிலேயே அறிக்கை கொடுத்துவிட்டது. ஓரிடத்தில் தடை என்றால் எல்லா இடத்திலும் தடை என்று மாநிலங்களின் அட்டர்னி ஜெனரல்கள் ஒத்துக்கொண்டது 2025 ஓகஸ்டில். சரியாகப் பத்து வருஷம், மெல்பேண் செய்தி வந்த பிறகு.

நாங்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு ஓட்டை இருக்கிறது. இந்தச் செக் அவுஸ்திரேலியப் பதிவுகளைத்தான் பார்க்கும். போன வருஷம் கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ வந்தவரின் நம்பர் பளிச்சென்று வரும், ஏனென்றால் இங்கே அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நிரந்தர விசாவில் வந்தவர்கள், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வாழ்ந்த நாடுகளின் பொலிஸ் சான்றிதழைக் கொடுத்துத்தான் வந்திருப்பார்கள். சிங்கப்பூரில் இருந்தவர்களுக்குத் தெரியும், அங்கே அதற்கும் விரல் பதிய வேண்டும். ஆனால் அந்தச் சான்றிதழ் விசாக்காரரிடம் போனது, தமிழ்ப் பள்ளிக்கு வரவில்லை. ஊரிலிருந்து புதிதாக வந்த வாத்தியார் என்றால் அவர் முன்னர் படிப்பித்த இடத்துக்கு ஒரு வட்ஸ்அப் கோல் எடுத்து விசாரிப்பதில் என்ன வெட்கம்? கலியாணத்துக்கு மாப்பிள்ளையை எப்படி விசாரிக்கிறோம்!

பெற்றோராக உங்களால் செய்யக்கூடிய ஒன்று: அட்டையைப் பார்த்தேன், போட்டோ எடுத்து வைத்தேன் என்பது சரிபார்த்ததாகாது. பள்ளிக்கூடமோ நடன வகுப்போ அந்த நம்பரை இணையத்தில் போட்டு உறுதி செய்திருக்க வேண்டும், பிறகு தடை வந்தால் அலுவலகம் அவர்களுக்குத்தான் அறிவிக்கும். "வெரிஃபை பண்ணினீங்களா?" என்று கேளுங்கள். விக்டோரியாவில் அட்டை நம்பரும் குடும்பப் பெயரும் இருந்தால் நீங்களே இணையத்தில் நிலையைப் பார்க்கலாம்.

மூன்றாவது சனி மாமா வந்தார். மாமிதான் அனுப்பியிருக்க வேண்டும். "பரமட்டா ரோட்டில வேகமாய் ஓடினதுக்கு ஒருக்கா ஃபைன் கட்டினனான். அதையும் பாப்பினமோ?" என்று கேட்டார். அதை யாரும் பார்க்கமாட்டார்கள் என்றேன். பிறகுதான் உண்மையான பிரச்சினை தொடங்கியது. பெயர்.

குடும்பப் பெயர் என்ற பெட்டிக்குள் தகப்பன் பெயரைப் போடுவதா, சொந்தப் பெயரைப் போடுவதா? குடியுரிமைச் சான்றிதழில் ஒரு மாதிரி, லைசென்ஸில் இன்னொரு மாதிரி, மெடிகெயாரில் இடையில் ஒரு 'எச்' காணாமல் போய்விட்டது. இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் அவர் பெயரே வேறு நீளம். விண்ணப்பமோ இதுவரை பாவித்த எல்லாப் பெயரையும் எழுது என்கிறது. மாமா இதைப் பார்த்துவிட்டு, "இப்ப நான் கள்ளன் மாதிரித்தான் தெரியிறன்" என்றார். இந்தச் செக் பெயரையும் பிறந்த திகதியையும் வைத்துத்தான் தேடுகிறது. ஒரே பெயரில் இன்னொருவர் இருந்தால், எழுத்துக் கொஞ்சம் மாறினால், ஆட்கள் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கும், அதனால் தாமதமாகும். தாமதம் என்றால் எதையோ கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. இது எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டிய விஷயம், ஏனென்றால் எங்கட சனம் இரண்டு கிழமை தாமதத்துக்கே கதை கட்டிவிடும். உங்கள் பிள்ளைக்குப் பாஸ்போட் எடுக்கும்போதும் எல்லாப் பத்திரத்திலும் ஒரே எழுத்தில் பெயர் இருக்கிறதா என்று ஒரு தரம் பாருங்கள்.

நானும் அவரும் எல்லாப் பத்திரங்களையும் ஒரு பிளாஸ்ரிக் பையில் போட்டுக்கொண்டு சேர்விஸ் நியூ சவுத் வேல்ஸ் மையத்துக்குப் போனோம். கவுன்ரரில் இருந்த பிள்ளை வியட்நாமியப் பெயர் அட்டை போட்டிருந்தாள். மூன்று விதமான பெயரையும் பார்த்துவிட்டு, எங்கட அப்பாவுக்கும் இப்படித்தான் என்றாள். மாமா அன்று முதல்தரம் சிரித்தார்.

ஒருவர் மட்டும் நம்பர் தரவில்லை. தாறன், தாறன் என்றார், இரண்டு தரம் மெசேஜ் போட்டேன், பிறகு வேலை கூட என்று வருவதை நிறுத்திவிட்டார். அவருக்கு மாமா மாதிரி ஒரு கதை இருக்கலாம். உண்மையிலேயே வேலை கூட இருக்கலாம். எனக்குத் தெரியாது, அவரைப் பற்றி யாரிடமும் கதைக்கவும் இல்லை. ஆனால் அந்தக் கிழமை வீட்டில் மகளிடம் அவர் பெயரைச் சொல்லாமல் சில கேள்விகள் கேட்டேன். அவள் சொன்ன பதில்கள் சாதாரணமாகத்தான் இருந்தன. கேட்கும்போது எனக்கு ஒன்று பிடிபட்டது: உடம்பின் மறைவிடங்களுக்கு வீட்டில் நாங்கள் ஒரு தமிழ்ச் சொல்லும் சொல்லிக் கொடுக்கவில்லை. "சீ, அதெல்லாம் கதைக்கக் கூடாது" என்பது மட்டும்தான் அவளுக்குத் தமிழில் தெரிந்தது. அம்மம்மாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பிள்ளை எந்த வார்த்தையில் சொல்லும்? இப்போது சொல்லிக் கொடுத்திருக்கிறோம். முதல் நாள் இருவருக்குமே கூச்சம்தான்.

பள்ளியிலும் சில மாற்றம். நியூ சவுத் வேல்ஸில் பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பத்துத் தரநிலைகள் இருக்கின்றன, விக்டோரியாவில் பதினொன்று. அதை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிற ஆட்கள் எங்கள் குழுவிலும் இருந்தார்கள். நாங்கள் செய்தது சின்னச் சின்ன விஷயம். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் தனியறையில் இருப்பதில்லை. பேச்சுப்போட்டிப் பயிற்சி கதவு திறந்தபடி. ஆசிரியர் பிள்ளைக்கு நேரே மெசேஜ் போடுவதில்லை, பெற்றோரும் இருக்கிற குழுவில்தான். ஒரு ரீச்சர், "இவ்வளவு பயந்தால் பிள்ளையைத் தட்டிக்கொடுக்கவும் ஏலாதே" என்று மனவருத்தப்பட்டார். அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. எல்லார் முன்னாலும் தட்டிக்கொடுங்கோ ரீச்சர் என்றேன்.

மாமாவின் நம்பர் அவருடைய போனுக்குத்தான் வந்தது. கடைசியில் 'வி'. சனிக்கிழமை என்னிடம் காட்டிவிட்டு, என் எக்ஸெல்லைத் திருப்பித் தன் பக்கம் பிடித்து, மற்றவர்களின் வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தேத்தண்ணி போடுகிற அவருடைய சிநேகிதரின் பெட்டி வெறுமையாக இருந்தது.

"இவனிட்ட நான் வாங்கித் தாறன்" என்று சொல்லிவிட்டு, திறப்புக் கொத்தை எடுத்துக்கொண்டு படலைக்குப் போனார்.